தானாக விழுந்த பிரேக்குக்கு யார் பதில் சொல்வது?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குத் திரும்பும் வழியில், சூளகிரி தாண்டி, முன்னால் எதுவும் இல்லாத நேரத்தில் உங்கள் கார் தானாகப் பிரேக் போட்டிருக்கிறது. பின்னால் வந்த கார் உங்கள் பம்பரில் மோதியிருக்கிறது. மோதியவர் உங்களைக் குறை சொல்கிறார், நீங்கள் காரைக் குறை சொல்கிறீர்கள், சர்வீஸ் சென்டரோ "சிஸ்டத்தில் பழுது எதுவும் பதிவாகவில்லை" என்று கைவிரித்துவிட்டது. ஓட்டுநருக்கு உதவ ரேடாரும் கேமராவும் வைத்துச் செய்த இந்த 'அடாஸ்' வசதியை நம்பலாமா கூடாதா என்பதே உங்கள் கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் வேறொன்றைக் கேட்டிருக்கிறீர்கள்: பின்னால் வந்தது பைக்காக இருந்து, ஓட்டிவந்தவர் இறந்திருந்தால் உங்கள் கதி என்ன? உங்களை உண்மையில் உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே பாதுகாப்பைப் பற்றியும் பொறுப்பைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்கிறேன். இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது சர்வீஸ் சென்டர் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்திலேயே இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் பதினேழு ஆண்டுகளாக பிரேக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வேலை செய்கிறேன். அதில் கடைசி எட்டு ஆண்டுகள் இத்தகைய உதவி அமைப்புகளைச் சாலையில் ஓட்டிச் சோதிக்கும் குழுவில் இருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டம் பற்றிக் கீழே சொல்பவை, தொழில்நுட்ப விளக்கம் கேட்டு வரும் வழக்கறிஞர் நண்பர்களோடு பேசியும், அவர்கள் கொடுத்த தீர்ப்புகளைப் படித்தும் அறிந்தவை. உங்கள் காரின் பதிவுகளைப் பார்க்காமல், அன்று பிரேக் ஏன் விழுந்தது என்று அறுதியிட்டுச் சொல்லவும் என்னால் இயலாது. எந்தெந்தக் காரணங்களால் விழக்கூடும் என்பதைச் சொல்ல முடியும்.

உங்கள் காரின் முன்புறத்தில், பம்பருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோ, ஒரு ரேடார் இருக்கிறது. முன் கண்ணாடியின் மேற்பகுதியில் ஒரு கேமரா இருக்கிறது. ரேடாருக்கு எதிரே உள்ள பொருளின் தூரமும் வேகமும் துல்லியமாகத் தெரியும், ஆனால் அது என்ன பொருள் என்பது சரியாகத் தெரியாது. கேமராவுக்கு உருவம் தெரியும், தூரத்தை அதனால் கணிக்கத்தான் முடியும். இரண்டு அரைகுறைச் சாட்சிகளை வைத்துக்கொண்டு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தீர்ப்புச் சொல்லும் வேலை மென்பொருளுடையது. இதில் இரண்டு வகைத் தவறுகள் நேரலாம்: இல்லாததற்குப் பிரேக் போடுவது ஒன்று, இருப்பதற்குப் போடாமல் விடுவது மற்றொன்று. இவை தராசின் இரு தட்டுகள் போன்றவை. ஒன்றைக் குறைக்க அமைப்பைத் திருத்தினால் மற்றது கூடும். இரண்டையும் ஒருசேரப் பூஜ்யமாக்கிய எவரையும் நான் இத்தொழிலில் பார்த்ததில்லை.

நெடுஞ்சாலை முழுக்க அசையாத உலோகம் நிறைந்திருக்கிறது: வழிகாட்டிப் பலகைகள், தடுப்புக் கம்பிகள், மேம்பாலங்களின் இணைப்பு இரும்புகள், சாலைக்குழி மூடிகள். இவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் அத்திப்பள்ளியைக்கூடத் தாண்டாது. அதனால் அதிவேகத்தில், அசையாத பொருளிலிருந்து வரும் ரேடார் எதிரொலியை, கேமராவும் ஒத்துக்கொண்டால் ஒழிய, மென்பொருள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். இதன் விலை என்னவென்றால், இரவில் விளக்கில்லாமல் சாலையோரம் நிறுத்தப்பட்ட லாரி, அதாவது நம் நெடுஞ்சாலைகளில் மிகவும் பயப்பட வேண்டிய பொருள், இந்த அமைப்பு மிகவும் தடுமாறும் பொருளாகவும் இருக்கிறது. வைக்கோல் லாரி இன்னொரு சிக்கல். சோதனை ஓட்டம் ஒன்றில், இருபுறமும் பிதுங்கி நின்ற வைக்கோல் பாரத்துக்குப் பின்னால் சென்றோம். ரேடார் அலை வைக்கோலைக் கிட்டத்தட்ட ஊடுருவிப் போய் அடியில் இருக்கும் சட்டத்தில்தான் பட்டுத் திரும்பியது. கேமராவோ அந்த உருவத்தை வாகனம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. திரையில் பாதை காலி என்று காட்டியது. பிரேக்கை என் நண்பர்தான் மிதித்தார்.

உங்களுக்கு நடந்தது இதற்கு நேர்மாறானது. வளைவில் திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் நிற்கும் வாகனம் ஒரு கணம் உங்கள் பாதையில் இருப்பதாகத் தோன்றலாம். குறுக்கே வெட்டிப் போய்விட்ட பைக்கை மென்பொருள் இன்னும் சில நூறு மில்லி நொடிகள் நினைவில் வைத்திருக்கலாம். மேம்பாலத்தின் நிழலும் அதன் இரும்பு இணைப்பும் சேர்ந்து ஒரு பொய்ச் சாட்சியை உருவாக்கலாம். மூன்றுமே நான் நேரில் பார்த்தவை. உங்கள் விஷயத்தில் எது என்பது பதிவுகளில்தான் இருக்கும்.

இங்கேதான் சர்வீஸ் சென்டரின் வாக்கியம் வருகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் இருக்கும் கருவி படிப்பது பழுதுக் குறியீடுகளை மட்டுமே: கம்பி அறுந்ததா, ரேடார் தன் திசையிலிருந்து விலகியதா, கேமரா மறைந்ததா, மின்னழுத்தம் விழுந்ததா என்பவை. எல்லா உறுப்புகளும் நலமாக இருந்து, மென்பொருள் தன் விதிப்படியே கணக்குப் போட்டு, அந்தக் கணக்கு உலகத்தோடு பொருந்தாமல் போனால், அது பழுதாகவே பதிவாகாது. அமைப்பின் கண்ணோட்டத்தில் அது ஒரு வெற்றிகரமான அவசர பிரேக். பழுதே இல்லாமல் தவறு செய்யும் இயந்திரம் என்பது நம் மெக்கானிக்குகளுக்கும் புதிது, நம் நீதிமன்றங்களுக்கும் புதிது.

பாதுகாப்பு பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இது: 'அடாஸ்' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் வசதிகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. தானியங்கி அவசர பிரேக் உயிர் காக்கிறது என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுகள், இவ்வசதி உள்ள கார்கள் முன்னால் செல்லும் வாகனத்தின் பின்புறம் மோதும் விபத்துகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாகக் காட்டின. அதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பாதசாரிகளைக் கண்டுகொள்ளும் பிரேக், பாதசாரி விபத்துகளை 27 சதவீதம் குறைத்தாலும், தெருவிளக்கு இல்லாத இருட்டில் அதனால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. வெளிச்சத்தில் மட்டும் கண் தெரியும் காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ், காரைக் கோடுகளுக்கு நடுவே வைத்து ஓட்டும் வசதி ஆகிய இரண்டும் சேர்ந்த 'லெவல் 2' ஓட்டம் விபத்தைக் குறைக்கிறது என்பதற்கு இப்படிப்பட்ட சான்று இல்லை; 2024இல் அதே நிறுவனம் இதை வெளிப்படையாகவே சொன்னது. அவை சொகுசு வசதிகள். சொகுசைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பதுதான் ஷோரூமில் நடக்கும் குழப்பம்.

அவசர பிரேக்குக்கும் எல்லை உண்டு. ஐக்கிய நாடுகளின் 152ஆம் வாகன ஒழுங்குவிதி, நின்றுகொண்டிருக்கும் காரின் மீது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வரை வரும் கார் மோதாமல் நிற்க வேண்டும் என்கிறது. 60 கிலோமீட்டரில் வந்தால், வேகம் குறைந்து 35 கிலோமீட்டரில் மோதினாலும் அந்தச் சோதனையில் தேர்ச்சிதான். நல்ல தயாரிப்பாளர்கள் இதைவிட மேலான தரத்தில் செய்கிறார்கள் என்றாலும், கிருஷ்ணகிரி சாலையில் 100இல் போகும் ஒருவர் மனதில் வைத்திருக்கும் எதிர்பார்ப்புக்கும் இந்த எண்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. அதோடு, இந்தச் சோதனைகளின் எதிராளி பெரும்பாலும் கார். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. நம் ஊரில் இந்தக் கேமரா அடையாளம் காண வேண்டிய கூட்டம் வேறு.

மனிதரின் கவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோலார் சாலையில் நான் ஒரு முறை, சோதனை ஓட்டத்தின் நடுவே, இருபது நிமிடம் கார் ஒரு தவறும் செய்யாமல் ஓடியபின், வலப்பக்கத்துக் குன்றைப் பார்த்துக்கொண்டே எத்தனை நொடிகள் போயின என்று தெரியாமல் இருந்தேன். கண்காணிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நான். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றபோது, விசாரணையில் தெரியவந்தது இதுதான்: கார் அவரை 5.6 நொடிகளுக்கு முன்பே கண்டுவிட்டது, ஆனால் வாகனம், அறியாத பொருள், சைக்கிள் என்று அடையாளத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. கண்காணிக்க அமர்த்தப்பட்டவரின் கண்கள் கைப்பேசியில் இருந்தன. காரின் சொந்த அவசர பிரேக்கை ஊபர் செயலிழக்கச் செய்திருந்தது. ஆனாலும் நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் முடிவெடுத்தார். கண்காணிப்பாளர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். பொறுப்பு எந்தப் பக்கம் சரியும் என்பதற்கு இது ஒரு சாம்பிள்.

இனி நம் சட்டம். மனிதர் உட்கார்ந்து மேற்பார்வையிடும் லெவல் 2 கார், சட்டத்தின் பார்வையில் ஓட்டுநரின் கையிலுள்ள கருவி மட்டுமே. விபத்து நடந்தால் போலீஸ் முதலில் வழக்குப் பதிவது ஓட்டுநர் மீதுதான். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு கண்மூடித்தனமாக ஓட்டுவதைக் குறிக்கிறது. 106ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் வழக்குப் பதிவது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு. இப்பிரிவுகளுக்கு ஒரு மனிதரின் அலட்சியம் வேண்டும். கையை ஸ்டீயரிங்கில் வைத்து, கண்ணைச் சாலையில் வைத்து, அனுமதிக்கப்பட்ட வேகத்தில் சென்றவரின் கார் தானாகப் பிரேக் போட்டது என்பது நிரூபிக்கப்பட்டால், அங்கே அலட்சியம் எங்கே என்று கேட்க இடமுண்டு. கையில் போன் இருந்திருந்தால் அந்த இடம் போய்விடும்.

இழப்பீடு வேறு கணக்கு. பின்னால் வருபவர் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது பொது விதி; உங்களை மோதியவரின் வாதம் அந்த அளவில் பலவீனமானது. ஆனால் உங்கள் பக்கம் முழுவதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். 2017 ஜனவரியில் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் மாணவர் பைக்கில் செல்கையில், முன்னால் சென்ற கார் திடீரென்று நின்றது. அதில் மோதிக் கீழே விழுந்த அவர்மீது பின்னால் வந்த பேருந்து ஏறியதில் காலை இழந்தார். கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவது போல் இருந்ததால் நிறுத்தினேன் என்று கார் ஓட்டியவர் சொன்ன காரணத்தை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நெடுஞ்சாலையில் சைகை காட்டாமல் திடீரென்று நிறுத்துவது அலட்சியம் என்று கூறி, பொறுப்பில் 50 சதவீதத்தைக் கார் ஓட்டியவர் மீதும், 30 சதவீதத்தைப் பேருந்தின் மீதும், 20 சதவீதத்தை இடைவெளி விடாத மாணவர் மீதும் சுமத்தியது. உங்கள் கடைசி வரிக் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் தீர்ப்பு இதுதான்.

அங்கே நிறுத்தியவர் மனிதர். உங்கள் வழக்கில் நிறுத்தியது இயந்திரம். இந்த வேறுபாட்டை நீதிமன்றம் எப்படி எடைபோடும் என்பது ஐயத்துக்குரிய பகுதி. 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மினு மேத்தா வழக்கில், வண்டியில் இயந்திரக் கோளாறு என்று உரிமையாளர் சொன்னால், அக்கோளாறு மறைந்திருந்தது என்பதையும், நியாயமான அக்கறையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதது என்பதையும் அவரே நிரூபிக்க வேண்டும் என்றது. அக்காலத்துக் கோளாறு தேய்ந்த உறுப்பு, உடைந்த அச்சு. மேசையில் எடுத்து வைத்துக் காட்டலாம். பழுதே பதிவாகாத மென்பொருள் முடிவை எந்த மேசையில் எடுத்து வைப்பது? என் கணிப்பு, தீர்ப்பாயம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைப்பதையே முதலில் பார்க்கும். உங்கள் வாகனத்தை உங்களிடமிருந்து பிரித்துப் பார்க்காது. நல்ல வேளையாக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு இதற்குத்தான் இருக்கிறது. மரணமோ காயமோ நேர்ந்தால் தொகையைக் கொடுப்பது உங்கள் காப்பீட்டு நிறுவனமே. பிரேக்கை மிதித்தது காலா மென்பொருளா என்பதற்காக அந்தக் கடமை மாறாது.

அப்படியானால் தயாரிப்பாளர் முழுவதும் தப்பிவிடுகிறாரா? இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 84ஆம் பிரிவு தயாரிப்புப் பொறுப்பைச் சொல்கிறது: செய்யும்போது நேர்ந்த குறை, வடிவமைப்பிலேயே உள்ள குறை, கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, போதிய எச்சரிக்கை தராமை ஆகியவை அதற்குள் வரும். பழுது பதிவாகவில்லை என்ற பதில் இவற்றில் முதலாவதற்கு மட்டுமே பதில். நீங்கள் கேட்க வேண்டியது வடிவமைப்பையும் எச்சரிக்கையையும் பற்றி. உங்கள் விற்பனையாளர் "கையை எடுத்துவிட்டாலும் கார் பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தனியாகத் தந்தால் 86ஆம் பிரிவு அவரையும் பிடிக்கிறது. அதை அவர் வாட்ஸாப்பில் எழுதியிருந்தால் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கையேட்டின் சிறிய எழுத்துகளை நிறுவனம் கேடயமாக நீட்டும். வெளிப்படையாகத் தெரிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை தேவையில்லை என்ற 87ஆம் பிரிவின் விலக்கையும் காட்டும். இன்னொரு நுட்பம்: தயாரிப்புப் பொறுப்பின் கீழ் கேட்கப்படும் தீங்கில் அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் அடங்காது. உங்கள் பம்பர் செலவுக்கு அந்த வழி உதவாது. ஒருவருக்குக் காயம் நேர்ந்தால் உதவும்.

நீதிமன்றங்கள் இதில் நிறுவனங்களின் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்ற அவநம்பிக்கையும் வேண்டாம். 2017இல் விபத்தில் சிக்கிய ஹூண்டாய் க்ரெட்டா காரில் ஏர்பேக் விரியவில்லை. விரியும் அளவுக்கு மோதலின் வேகம் இல்லை என்றது நிறுவனம். மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லி, தண்டனை இழப்பீட்டை உறுதி செய்தது. ரேடார் எதிரொலிக்கும் அதே நியாயம் பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. பொருந்தும் என்று சொல்ல அப்படியொரு தீர்ப்பு வர வேண்டும்.

வெளிநாட்டில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2019இல் ஃப்ளோரிடாவில், ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி வசதி இயங்கிய டெஸ்லா காரை ஓட்டியவர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தார்; கார் சந்திப்பைத் தாண்டிச் சென்று, ஓரமாக நின்றிருந்த இருவர்மீது மோதியதில் ஒருவர் இறந்தார். ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரில்தான் இருந்தது. அப்படியிருந்தும் 2025 ஆகஸ்டில் ஜூரி ஓட்டுநருக்கு 67 சதவீதம், டெஸ்லாவுக்கு 33 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. தண்டனைத் தொகையும் சேர்த்து நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ 24 கோடி டாலருக்கு மேல் போனது. மேல்முறையீடு செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது. பிரிட்டன் 2024இல் இயற்றிய சட்டம், கார் உண்மையிலேயே தானாக ஓட்டும் நேரத்தில் உள்ளே இருப்பவருக்கு ஓட்டிய விதம் குறித்த குற்றப் பொறுப்பிலிருந்து விலக்களிக்கிறது. ஆனால் அது உங்களுடைய லெவல் 2 காரைப் பற்றியதே அல்ல.

உங்களிடம் யாரேனும் இதை அணைத்துவிடுங்கள் என்றால் கேட்காதீர்கள். அவசர பிரேக்கை இயங்க விடுங்கள். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டே வருகிறாரா என்று கண்ணாடியில் பார்த்து, வந்தால் இடம் கொடுத்துவிடுங்கள்; தொப்பூர் இறக்கத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். கோடு பிடித்து ஓட்டும் வசதியை, மெட்ரோ வேலை நடக்கும் அவுட்டர் ரிங் ரோடு போன்ற, பழைய கோட்டின் மேல் புதிய கோடு வரைந்த சாலைகளில் நான் அணைத்துவிடுகிறேன்.

அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பொறுப்பு இன்று உங்களிடம் இருக்கிறது. ஆதாரமோ காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கிறது. பழுது பார்க்கும்போது நினைவகத்தைத் துடைத்து, மென்பொருளைப் புதுப்பித்துத் தருவது பணிமனைகளில் சாதாரணமாக நடப்பது. அது நடந்தால் அன்றைய பிரேக்குக்குச் சாட்சியே இருக்காது. கார் இன்னும் அவர்களிடம் இருந்தால், மென்பொருளைத் தொடக்கூடாது என்றும், விபத்து நேரத்து பிரேக் அழுத்தம், வேகம், ரேடார் இலக்கு, பிரேக் கட்டளை எங்கிருந்து வந்தது ஆகிய பதிவுகளைப் பாதுகாத்து நகல் தர வேண்டும் என்றும், சர்வீஸ் சென்டருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். டேஷ்கேம் இருந்தால் அட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். நகலை நீதிமன்றத்தில் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும் என்பதால் மூலத்தை அழிக்கவோ வெட்டவோ வேண்டாம். அவர்கள் பதிவுகளைத் தந்தால், பெயர், பதிவெண் போன்றவற்றை நீக்கிவிட்டு இங்கே இடுங்கள். பிரேக் கட்டளை காலிலிருந்து வந்ததா கணிப்பிலிருந்து வந்ததா என்பதை மட்டுமாவது என்னால் படித்துச் சொல்ல முடியும்.